பச்சையாய் அறுத்த ராகி

அண்ணி, இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது நம் களத்தின் குறுக்கே யாரோ சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ் போய்விட்டது. சந்தாபுராவரை நடந்தே போனேன். வழியெல்லாம் மனசுக்குள் உங்களோடுதான் பேச்சு.

தர்மபுரிப் பக்கமிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்த நமக்கு ஒரு தெரு, கன்னடக்காரர்களுக்கு ஒரு தெரு. கோவில்கூட வேறு வேறு. களம் மட்டும் ஒன்று. ராகி அறுத்ததும் முறை வைத்துப் போரடிப்போம். யார் வீட்டு ராகித்தாள் விரிந்து கிடந்தாலும், காய்ந்து அடித்து முடியும்வரை இன்னொருவர் நகர்த்தக் கூடாது. முகம் பார்க்காத சண்டைக்காரர்கள்கூட இதை மீறியதில்லை.

கம்பெனிகள் வரத் தொடங்கிய வருஷங்களில், களத்தையும் வீட்டுமனை லேஅவுட்டோடு சேர்க்க அளப்பவர்கள் வந்தார்கள். ஆண்கள் நாங்கள் டீக்கடையில் கூடிப் பேசியே பொழுதைப் போக்கினோம். நீங்கள் அரிவாளோடு வயலுக்குப் போனீர்கள். கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அதைப் பச்சையாகவே அறுத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்து களத்தின் நடுவே விரித்தீர்கள்.

அளக்க வந்தவர் திகைத்துப் போனார். "என்னம்மா இது? எடுத்துடுங்க, ஜாகா அளக்கணும்."

"ராகி சார். அடிச்சு முடிச்சப்புறம் வாங்க."

"பச்சையா இருக்கே, எப்போ காயும்?"

"அத வெயிலத்தான் கேக்கணும்."

எதிர்த்தெரு கௌடர் வீட்டம்மாவும் ஒரு கட்டு அறுத்துவந்து பக்கத்தில் விரித்தார். சாயங்காலத்துக்குள் களத்தில் நிற்க இடமில்லை. அளப்பவர்கள் போய்விட்டார்கள்.

அந்த வருஷம் கடையில் மாவு வாங்கிக் களி கிண்டினீர்கள். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு, "யாரக் கேட்டு அறுத்த?" என்று கத்தினார்.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் என்னையும் முறைத்தார்.

இப்போது விரிக்க ஊரில் ஒரு கட்டு ராகித்தாள் கிடையாது. கௌடர் வயலில் பேயிங் கெஸ்ட் கட்டடம். நம் வயலை விற்று அண்ணன் மாடி எடுத்துவிட்டார். களத்தை லேஅவுட்டுக்குக் கொடுக்கச் சம்மதம் என்று வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்குகிறார்கள். முதல் கையெழுத்து அண்ணனுடையது. ஒரு வீடு போடாவிட்டாலும் எடுக்க முடியாதாம். என் வீடு ஒன்றுதான் பாக்கி. அதற்குள் கோடு போட்டாயிற்று, அவ்வளவு அவசரம்.

"யாருடா இப்ப போரடிக்கறாங்க?" என்று அண்ணன் கேட்டார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வேறு இடம் ஏது என்றேன். "கம்யூனிட்டி ஹால் இருக்கு" என்றார். எதைச் சொன்னாலும் ஒரு பதில் வைத்திருக்கிறார். உட்கார்ந்தால் மனசு எழச் சொல்கிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

நேற்று வாய் தவறி வந்துவிட்டது. "அண்ணிய கடைசியா அங்கதானண்ணா கிடத்தினோம்."

அண்ணன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கையெழுத்துப் போடப்போவதில்லை, அண்ணி. உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பிடிவாதம் மட்டும்தான், தைரியம் வரவில்லை. அண்ணனை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.