கிணற்று நீர்மேல் போட்ட பழி

1991 ஒக்டோபர் 22, செவ்வாய்

ஆய்வுகூடத்தில் இன்றும் வடித்த நீர் இல்லை. காய்ச்சி வடிக்க மண்ணெண்ணெய் தரமாட்டார்களாம். கிருமி வளர்க்கும் அகாரைக் கிணற்று நீரிலேயே காய்ச்சினேன். சுண்ணாம்புத் தண்ணீர், அதில் செய்த தட்டில் நல்ல மருந்தும் நோஞ்சானாகத்தான் தெரியும். டொக்டர் இராசநாயகம் இதை நூறு தரம் சொல்லிவிட்டார். சொல்லட்டும். வேறு வழி?

அண்ணை இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்து பன்னிரண்டு நாள். வள்ளத்து எஞ்சினை மண்ணெண்ணெயில் கிளப்ப, முதலில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றியவர். தீப்பிடித்து நெஞ்சும் இரண்டு கையும் வெந்துபோயின. இன்று கட்டுப் பிரித்தால் பச்சைச் சீழ். அந்த மணம் எனக்குத் தெரியாதா? சூடோமோனாஸ் கிருமி. பெண்கள் பக்கத்தில் இணுவில் மகாதேவிக்கும் அதேதான். அவ ஜாம் போத்தல் விளக்குச் சரிந்து எரிந்தவ.

ஒக்டோபர் 24

இரண்டு பேரின் தட்டிலும் எல்லா மருந்தும் தோல்வி. பொலிமிக்சின் மருந்து தோய்த்த வில்லையைச் சுற்றி மட்டும் பதினாறு மில்லிமீற்றருக்குக் கிருமி இல்லை. ஆனால் இருக்கிற குப்பிகள் ஒருவருக்குத்தான் காணும்.

டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒராளுக்கு முழுசாக் குடுக்கலாம். இல்லாட்டி ரெண்டு பேருக்கும் பாதி பாதி. தட்டைப் பாத்தது நீர், சொல்லும் பெர்னடெட்."

பாதி பாதி என்றேன். யோசிக்கவேயில்லை. சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பாதி, துணிக்கட்டைக் கிழித்துப் பாதி — பொருளாதாரத் தடை வந்த நாளிலிருந்து நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தானே ஓட்டுகிறோம். அதோடு, என் அண்ணைக்கு எல்லாவற்றையும் எடுத்தேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. உண்மை அதுதான்.

ஒக்டோபர் 28

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஒடியல் கூழ் வேணுமாம் அண்ணைக்கு. அவரின் மனைவி, மச்சாள் அற்புதராணி சிரித்ததை இந்த மாதத்தில் இன்றுதான் கண்டேன்.

ஒக்டோபர் 30

அண்ணையின் புதுத் தட்டில் வில்லையைச் சுற்றிய வெளி பதின்மூன்று. டொக்டர் முகம் சுளித்தார். "தண்ணியின்ரை வேலை டொக்டர், சுண்ணாம்பு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 1

பத்து. திரும்பவும் காய்ச்சல். திரும்பவும் தண்ணீரைத்தான் சொன்னேன். பாதி மருந்து தொடர்கிறது.

நவம்பர் 2

மரித்தோர் திருநாள். சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போகவில்லை. போகப் பயம்.

நவம்பர் 3

விடிய நல்ல மழை. முற்றத்து வெளியில் சட்டி வைத்து மழைநீர் பிடித்தேன். சுண்ணாம்பு இல்லாத தண்ணீர். அதில் ஒரு தட்டுச் செய்து, அண்ணையின் முதல் தட்டிலிருந்து எடுத்துவைத்த கிருமியை ஒரு பாதியிலும் இன்றைய கிருமியை மறுபாதியிலும் பூசி வில்லை வைத்தேன். மாதாவே, பிழை தண்ணீரிலேயே இருக்கட்டும்.

நவம்பர் 4

தண்ணீரில் இல்லை.

பழைய கிருமி வில்லைக்குக் கிட்டவே வரவில்லை. இன்றையது வில்லையின் விளிம்புவரை வளர்ந்து கிடக்கிறது.

டொக்டர் கதிரையில் இருந்து மெதுவாகத்தான் விளங்கப்படுத்தினார். கிருமியின் வெளித்தோல் கொழுப்பு. அதில் மறை மின்னேற்றம் உண்டு. நேரேற்றம் உள்ள இந்த மருந்து அங்கே போய் ஒட்டித்தான் தோலைக் கிழிக்கும். தண்ணீரின் சுண்ணாம்பும் அதே இடத்தில் போய்க் குந்துவதால் தட்டுப் பொய் சொல்லும். ஆனால் இங்கே பாதி மருந்தில் சாகாமல் தப்பிய கிருமி தன் கொழுப்பையே மாற்றி, அந்த ஏற்றத்தை மூடிவிட்டது. மருந்துக்கு ஒட்ட இடமில்லை.

முழுசாகக் கொடுத்திருந்தாலும் அண்ணை தப்பியிருப்பார் என்று சொல்லமுடியாதாம். ஆறுதலுக்குச் சொல்கிறார்.

ஐயோ, முதல் நாள் பதினாறு காட்டினதும் அதே கிணத்துத் தண்ணிதானே! அதே கிணறு, அதே சுண்ணாம்பு. பிறகு குறைஞ்சதுக்கு அது எப்பிடிக் காரணமாகும்? பதினைஞ்சு வருசம் இந்த வேலை செய்யிறன். இது என்ரை மண்டையிலை ஏன் ஏறேல்லை? ஏற விடேல்லை. நான்தான் விடேல்லை.

நவம்பர் 7

காலையில் மகாதேவி. பின்னேரம் அண்ணை.

நவம்பர் 9

அடக்கம் முடிந்தது. மச்சாள் என் கையைப் பிடித்து, "நீ உள்ளுக்கை இருந்தபடியால்தான் அவருக்கு அந்த மருந்தாவது கிடைச்சது" என்றா. அவ போட்டுத் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

டிசம்பர் 16

கப்பலில் கொஞ்சம் பொலிமிக்சின் வந்திருக்கிறது. ஒருவருக்கு மட்டும் காணும். தீப்புண்ணோடு இரண்டு பேர் கிடக்கிறார்கள், மூன்றாம் கட்டிலிலும் ஏழாம் கட்டிலிலும். இரண்டு தட்டும் ஒரே மாதிரி, பதினாறு.

டொக்டர் என்னைப் பார்த்தார். "ஏழுக்கு முழுசும்" என்றேன். ஏழாவதுக்கு வயது குறைவு, புண்ணும் சிறிது.

வெளியே வந்தால் மூன்றாம் கட்டில்காரரின் மனைவி வாசலில் நிற்கிறா. "மிஸ்ஸி, மருந்து வந்திட்டுதாம். இவருக்கும் போடுவினமோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.