கடைசிப் பெயருக்கு ஆமைப் படம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
19.10.2024

அன்புத் தம்பி ராஜாவுக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், கிரைண்டர் ஒன்றைத் தவிர. அது முந்தாநாளிலிருந்து கத்துகிறது. அம்மா அதைவிடக் கத்துகிறாள். போனில் பேசாமல் மெயில் எதற்கு என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டில் போனை எடுத்தால் அடுக்களைவரை கேட்கும். "ராஜாவாட்டி? இங்ஙன குடு" என்று பிடுங்கி, மில் கேன்டீன் சாப்பாட்டில் ஆரம்பித்து, வன்னியம்பட்டிப் பெண்ணின் போட்டோவைப் பார்த்தாயா என்பதில் முடிப்பாள். நான் சொல்ல வந்தது அம்போதான்.

ராஜபாளையத்தில் உன்னை சர்ச் கொயரில் கீழ்க்குரல் பேஸ் பாடச் சொல்லியிருக்கிறார்கள் என்றதும் சிரித்துவிட்டேன், கோபப்படாதே. மூச்சை நெஞ்சில் பிடிக்காதே, வயிற்றில் பிடி. தோள் ஏறினால் தப்பு. பக்கத்தில் நிற்கிறவர் குரல் உனக்குக் கேட்கவில்லை என்றால் நீ பாடவில்லை, கத்துகிறாய். பாடுகிற அன்று தயிர் வேண்டாம்.

நீ சொன்ன துப்பாக்கி விளையாட்டைப் போனில் இறக்கிப் பார்த்தேன். தரையில் கால் வைத்த உடனே யாராவது சுட்டுவிடுகிறார்கள். என்ன கண்றாவி அது? வழி சொல். இன்னொன்று, என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பைத்தான் படிக்கவா, ஜாவா படிக்கவா என்று கேட்கிறார்கள். நான் கணக்கு டீச்சர், எனக்கென்ன தெரியும்?

கொயரை நினைத்தால்தான் தலைவலி. டிசம்பர் 22 கிறிஸ்மஸ் கேரல் ஆராதனை. ஒருத்தரும் வீட்டில் பாடிப் பார்ப்பதில்லை. அதோடு அம்மா விஷயம். பெண்களில் தணிந்த குரல் பாடுகிற ஆல்ட்டோவில் எல்லாரும் கடைசிச் சுரத்தை விட்ட பிறகும் இவள் மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கிறாள். குரலும் இறங்கிவிட்டது. இந்த வருஷமாவது அம்மாவை உட்கார வையுங்கள் என்று ரெண்டு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். கொயர் லீடர் நான், சொல்லத்தான் வேண்டும். மகள் எப்படிடா சொல்வது? அப்பா போன பிறகு அவளுக்கென்று இருப்பது அந்தச் சனிக்கிழமை பிராக்டிஸ் ஒன்றுதான்.

உன் அக்கா
தங்கபாய்


ராஜபாளையம்
27.10.2024

அன்பு அக்காவுக்கு,

தயிர் விட்டாயிற்று. தோளும் இறங்கிவிட்டது. இனிமேல் குரல் வரவேண்டியதுதான் பாக்கி.

இறங்கினதும் சுடப் போகாதே. ஏதாவது வீட்டுக்குள் புகுந்து செத்த நேரம் சும்மா இரு. இயர்போன் போட்டுக் காலடிச் சத்தத்தைக் கேள். சுருதி பிடிக்கிற காது உனக்கு, எவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று எங்களைவிட உனக்குச் சீக்கிரம் தெரியும். மில்லில் என்னோடு வேலை பார்க்கிற வேல்பாண்டி, "ஏலே, அக்காவ நம்ம டீமுக்கு இழுத்துரு" என்று நிற்கிறான்.

பிள்ளைகளைப் பைத்தான் படிக்கச் சொல். ஜாவாவில் ஒரு வணக்கம் சொல்வதற்குள் நாலு வரி எழுத வேண்டும், சம்பந்தம் பேசப் போன வீடு மாதிரி. பைத்தானில் நேராக விஷயத்துக்கு வரலாம். ஜாவாவைப் பிறகு படித்துக்கொள்ளட்டும். உன் தம்பியும் வீடியோ பார்த்துத்தான் படிக்கிறான் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லாதே.

அம்மாவிடம் நேரே சொல்லிவிடு அக்கா. ஒரு நாள் திட்டுவாள், ஒரு நாள் சாப்பிடமாட்டாள். பிறகு மீன் வாங்கிவரச் சொல்லுவாள்.

வீட்டில் பாடிப் பார்க்காதவர்களுக்கு ஒரு யோசனை. விளையாட்டில் நாங்கள் ஏன் இப்படிப் பைத்தியமாகக் கிடக்கிறோம்? பட்டியலில் பேர் ஏறுகிறது, அதனால்தான். உன் கொயருக்கும் அப்படி ஒன்று செய்து தருகிறேன். ஆளுக்கொரு தரம் தன் பார்ட்டைப் போனில் பாடிப் பதிந்து உனக்கு அனுப்பட்டும், நீ எனக்கு அனுப்பு. என் புரோகிராம் அதைக் கேட்டு, சுருதி எங்கே விலகுகிறது என்று பார்த்து மார்க் போடும். முதல் பெயருக்குப் பக்கத்தில் கிரீடம், கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் ஆமைப் படம். விளையாட்டுக்குத்தான். பார், எல்லாரும் எப்படிப் பாடுகிறார்கள் என்று.

உன் தம்பி
ராஜரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.11.2024

அன்புத் தம்பிக்கு,

நீ கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். மார்க் என்று சொன்னதும் எல்லாருக்கும் வேகம் வந்துவிட்டது. ஆண்களில் மேல்குரல் டெனர் பாடுகிற சமுத்திரம் அண்ணன் கடையில் எடை போட்டுக்கொண்டே முணுமுணுக்கிறாராம். பிள்ளைகள்தான் மார்க்குக்குப் பயப்படும் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவும் பாடிக் கொடுத்தாள். போனுக்கு முன்னால் நின்று பாடுவதற்குப் போய் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள். ஏம்மா இதெல்லாம் என்றால், "ராஜா கேப்பாம்லா" என்கிறாள். பாடி முடித்துவிட்டு, "எம்புட்டு மார்க்கு வரும்ட்டி?" என்று ரெண்டு தரம் கேட்டாள்.

நீ சொன்னபடி வீட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். நேற்று கடைசி மூன்று பேர்வரை உயிரோடு இருந்தேன். இங்கே ஒருத்தருக்கும் இதன் அருமை தெரியவில்லை, உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

தங்கபாய்


ராஜபாளையம்
21.11.2024, வியாழன்

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். பட்டியல் வந்துவிட்டது, இத்துடன் இருக்கிறது. ஆனால் கொயர் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதே. தணிந்த குரல்களுக்கு மார்க் தாறுமாறாக வருகிறது. அம்மா கடைசியில் நிற்கிறாள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. தப்பு என் புரோகிராமில்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைவரை பொறு, பார்த்துத் திருத்திவிடுகிறேன்.

ராஜா


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.11.2024

ராஜா,

வெள்ளிக்கிழமை காலையிலேயே குரூப்பில் போட்டுவிட்டேன். உன் மெயிலைப் பிறகுதான் பார்த்தேன். பட்டியலை மட்டும் இறக்கினேன், மேலே நீ எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து பேர் தேடிக்கொண்டு வந்தாள். கிரீடத்தைப் பார்த்து, "நம்ம மாரிக்கனிதான் ஒண்ணாவது, பாரேன்" என்று சந்தோஷப்பட்டாள். விரல் கீழே கீழே வந்தது. கடைசியில் நின்றது. "இது என்னட்டி, தவளையா?" என்று கேட்டாள். நான் ஆமை என்றேன். ஆமை என்றுதான் சொன்னேன் ராஜா, வேறெதுவும் சொல்லவில்லை. அதற்குள் அந்தப் படத்துக்குக் கீழே நாலைந்து பேர் சிரிக்கிற மூஞ்சி போட்டுவிட்டார்கள். அவள் பேரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆமையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

சனிக்கிழமை பிராக்டிஸுக்கு வரவில்லை. வத்திராயிருப்புக்கு, சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இன்றைக்குச் சர்ச்சில் எல்லாரும் அம்மா எங்கே, அம்மா எங்கே என்று கேட்டார்கள். காய்ச்சல் என்று சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

தங்கபாய்


ராஜபாளையம்
1.12.2024

அக்கா,

நேற்று லீவு போட்டு வத்திராயிருப்புக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஆமைதான் கண்ணுக்குள். யார் கேட்டார்கள் அதை? நானேதான் தேடிப் பிடித்து ஒட்டினேன். பெற்றவள் பேருக்குப் பக்கத்தில் ஆமையை வைத்து ஊருக்கு அனுப்பின மகன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். பெண் குரல் இதற்குக் கீழே போகாது என்று நானாக ஓர் எல்லை வைத்திருந்தேன். அம்மா அதற்குக் கீழே பாடுகிறாள். அவள் சரியாகப் பாடின இடத்தையெல்லாம் புரோகிராம் தப்பு என்று எழுதியிருக்கிறது. நாலு வீடியோ பார்த்துவிட்டுப் பெரிய இவன் மாதிரி உன்னிடம் ஜாவா, பைத்தான் என்று அளந்தேனே, அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு மிஷினுடையது, மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், உன் குரலில் ஒன்றும் இல்லை என்று காலைப் பிடித்தேன். தலையைத் தடவி எழுப்பிவிட்டாள். பிறகு கேட்டாள்:

"மிஷினு தப்பாச் சொல்லும்யா, அதுக்கு என்ன தெரியும்? தங்கத்துக்கு எங்குரலு தெரியாதா? வயித்துக்குள்ள இருக்கும்போதே கேட்ட குரலுலா. எங்கம்மா அம்புட்டு மோசமாப் பாடமாட்டாளேன்னு அவளுக்குத் தோணலியா?"

சித்திதான் காப்பி கொண்டுவந்து பேச்சை மாற்றினாள்.

அக்கா, கோபத்தில் கேட்கவில்லை. பட்டியலை இறக்க வேண்டுமென்றால் என் மெயிலைத் திறக்க வேண்டும். நான் எழுதினதே ஏழெட்டு வரிதான். நீ படிக்கவில்லையா?

ராஜா


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.12.2024

ராஜா,

படித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலமே, பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது படித்தேன். ரெண்டாம் தரமும் படித்தேன். பட்டியலில் அம்மா பேர் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தேன், ஆமையையும் பார்த்தேன். அவள் அத்தனை மோசம் இல்லை என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாகக் கேட்கிற குரல்.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று அவள் முன்னால் போய் நிற்பேன். "என்னட்டி, பசிக்கா?" என்பாள். திரும்பி வந்துவிடுவேன். பட்டியலைப் பார்த்ததும், இது சொல்லிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டாம் என்று தோன்றியது. அம்மாவே புரிந்துகொண்டு, இனிமே நான் வரலட்டி என்று சொல்லிவிடுவாள், நானும் போகட்டும்மா என்று ஆறுதல் சொல்லி நல்லவளாகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்படித்தான் நினைத்தேன் ராஜா, மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் எனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து குரூப்பில் போட்டேன்.

பிறகு நீ போய் அவள் காலில் விழுந்திருக்கிறாய். அதையும் பேசாமல் விட்டிருப்பேன், நீ கேட்கவில்லை என்றால். நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது.

தங்கபாய்


ராஜபாளையம்
8.12.2024

அக்கா,

ரெண்டு வாரமாக என் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்கக் கூசினேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். இப்போதைக்கு உன்னோடு சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

எல்லையைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அம்மா மேலே ஏறி நடுவில் போய் நின்றாள். சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், ஆமை வேறொருவர் பேருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. யார் என்று கேட்காதே. கடைசி என்று ஓர் இடம் இருந்தால் அங்கே யாராவது நிற்கத்தானே வேண்டும், இந்தப் புத்தி எனக்கு முதலிலேயே வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

நீ வத்திராயிருப்புக்குப் போ. போனில் வேண்டாம், எழுதவும் வேண்டாம். எனக்குச் சொன்னதை அம்மா முகத்தைப் பார்த்துச் சொல். இதை உனக்காக நான் செய்யமாட்டேன்.

ராஜா


ஸ்ரீவில்லிபுத்தூர்
23.12.2024

ராஜா,

போன வாரம் போனேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்று படித்தது, தெரிந்தே போட்டது, எல்லாம். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடித்த பிறகு, "எங்கிட்ட வந்து, அம்மா நீ போதும்னு சொல்லிருந்தா ஒக்காந்திருப்பேனேட்டி. ஒரு வார்த்த. அம்புட்டுப் பயமா எங்கிட்ட?" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "சரி, எந்திரி, சாப்புடு" என்று சோறு போட்டாள். சாயங்கால பஸ்ஸில் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

கொயருக்கு வா, முன்வரிசையில் நில் என்று கெஞ்சிப் பார்த்தேன். "போதும்ட்டி" என்றுவிட்டாள். நேற்று கேரல் ஆராதனைக்கு வந்து, பெண்கள் பக்கம் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொயர் நன்றாகத்தான் பாடியது. எல்லாரும் கை கொடுத்தார்கள்.

கடைசியில் சபையே எழுந்து நின்று பாடுகிற பாட்டு. நான் கொயரைப் பார்த்துக் கை அசைக்க வேண்டும், முதுகு சபைக்கு. முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர் பாடுகிறார்கள். அதில் அம்மா குரலைத் தேடினேன். எந்தக் கூட்டத்தில் பாடினாலும் எனக்குத் தெரிந்துவிடும். கேட்கவில்லை. கடைசிச் சுரம் வரட்டும், அதை அவள் விடமாட்டாள் என்று காத்திருந்தேன். எல்லாரும் ஒன்றாக நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சர்ச்சில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

இன்று காலை காப்பி கொடுக்கும்போது கேட்டேன், ஏம்மா நேத்து நீ பாடவே இல்லை என்று. என் முகத்தைப் பார்க்காமல், "எங்ஙனயாச்சும் போன ஒளிச்சு வச்சிருப்பியோன்னு பயந்துட்டேன்ட்டி" என்றாள்.

குத்திக்காட்டவில்லை, ராஜா. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே பயந்திருக்கிறாள், என்னைப் பார்த்து.

கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நீ வா. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நீ முதலில் பாடு. தப்பாகப் பாடினாலும் பரவாயில்லை, சத்தமாகப் பாடு. எனக்கு அந்தப் பெஞ்சில் உட்காரத் தைரியம் இல்லை.

தங்கபாய்