எங்கள் வீட்டைத் தாண்டிய ஜெபம்

பிப்ரவரி 3, திங்கள்

புதன்கிழமை வீட்டு ஜெபம் எங்கள் முறை. எனக்குப் பெண் பார்க்க வேண்டாம், என் மனம் ஆண்களிடம்தான் போகிறது என்று ஆயரிடம் சொன்னது ஊருக்குத் தெரிந்தபின் வரும் முதல் முறை. வருகிறவர்களுக்குக் கொடுக்க அம்மா ரசகதலி வாழைக்குலை வாங்கிவிட்டாள். வருவார்களா?

பிப்ரவரி 5, புதன்

வரவில்லை. ஜெபம் எங்களைத் தாண்டி அடுத்த வீட்டில் நடந்தது. பாட்டு இங்கே கேட்டது. அது முடியும்வரை அம்மா ஜெபத்துக்காகத் தலையில் போட்ட முட்டாக்கை எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சபைச் செயலாளர் கனகதாஸ் மாமா ஆலய வாசலில் பிடித்துக்கொண்டார். வேதத்திலுள்ள சோதோம், அக்கினி, கந்தகம், ஒன்றும் பாக்கியில்லை. "எலே ஜெனில், உனக்க வீட்டுல ஜெபம் வச்சா பிள்ளைய கெட்டுப்போவினும். இது பரவுத தீனமாக்கும்."

திருப்பிக் கொடுக்கத்தான் வாய் திறந்தேன். மாமா வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கோபத்தில் இப்படியா நகர்வார்? நெய்யாற்றின்கரை ஆபீசிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்து சேர்கிறவன் நான் — என்னைப் பார்த்தா பயம்?

பிப்ரவரி 12, புதன்

அலுத்துவிட்டது.

பிப்ரவரி 15, சனி

மாமா வந்தார். முற்றத்தைத் தாண்டவில்லை.

"எனக்க மவன் ஜிஜோ பெங்களூர்ல ஒருத்தன்கூட தாமசிக்கான். கல்யாணம் வேண்டாமாம். நான் இங்க கேறினா, எனக்க வீட்டையும் சேர்த்துச் சொல்லுவினும்லா?"

"அதுக்காக்கும் எங்கம்மைய ஒத்தைக்கு இருத்தினீரு?"

"பேடியா இருக்கு மக்கா, ஊர நெனச்சாலே பயம்."

மன்னிக்க எனக்குத் தெம்பில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

பிப்ரவரி 26, புதன்

இன்று மாமா வீட்டு முறை. நேற்றே ஜிஜோ அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான், ஊர் முழுக்கப் பேச்சு. சாயங்காலம் மாமா போன் செய்தார்.

"ஆரும் வரேல மக்கா. நாற்காலியெல்லாம் வெறுதே கிடக்கு. நீயும் அம்மையும்..."

"கிடக்கட்டும் அம்மா, அவருக்கும் தெரியட்டும்" என்றேன். உள்ளபடியே எழுந்திருக்க மனமில்லை. எத்தனை பேருடைய பயத்தைத்தான் நான் சுமப்பது?

அம்மா அதற்குள் முட்டாக்குப் போட்டுவிட்டாள்.

"அங்க பாட்டு ஆரு தொடங்குவா? எழும்பு."

போகிற வழியில் கடையில் ஒரு குலை வாங்கினாள். நான் தூக்கிக்கொண்டேன்.