ஈர நார்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆறு மாதம் கல்லூரி மொட்டை மாடியில் வெயில்மழையில் கிடந்த வாழைநார்ப் பிளாஸ்டிக் தட்டுகளை இன்று மிஷினில் கட்டி இழுத்தேன். எல்லாம் படக்கென்று முறிந்தன. பலம் வெறும் 24 மெகாபாஸ்கல். வெயில்தான் காரணமோ என்று அலமாரியில் பத்திரமாக இருந்த ஜோடித் தட்டுகளை இழுத்தால் அவையும் 24! முதல் வருடம் இதே நார், இதே பிசின், 52 வந்தது.

மார்ச் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருடப் பிஎச்.டி. ரத்து. மிஷின் மேல் பழி போடப் பார்த்தேன். பாழாய்ப்போன மிஷின் சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 5

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நார் அறுந்துபோகவில்லை, பிசினை விட்டு உருவிக்கொண்டு வந்திருக்கிறது. சுற்றிலும் குமிழ் குமிழாக ஓட்டை. ஈரம். எப்படி?

பிப்ரவரி 7, சனி

சேவுகம்பட்டி போனேன். பூக்கட்டுகிறவர்களுக்கு நார் உரித்து விற்கும் சிவனம்மாள் அக்காவிடம்தான் எப்போதும் வாங்குவேன்.

"நீ இழுத்துப் பாக்குறேன்னு சொன்னியே தாயி. காஞ்ச நாரு படக்குனு அத்துரும்ல? அதான் நீ ரெண்டாந் தடவ வாங்க வந்தப்ப தண்ணி தெளிச்சு ஈரச் சாக்குல சுத்திக் குடுத்தேன்."

யாரைத் திட்ட? மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, லேப் ஓவனில் ஒரு நாள் காயவைக்காமல் பிசின் ஊற்றிய புத்திசாலி நான்தானே. காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 10

திரும்பச் செய்தால் இன்னும் ஆறு மாதம். என் வழிகாட்டி இஞ்ஞாசி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முப்பத்தெட்டுன்னு போடும்மா. வெயில்ல கெடந்தா அம்புட்டுதான் கொறையும். எவன் வந்து இழுத்துப் பாக்கப் போறான்?"

மார்ச் 2

38 என்று அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன். ச்சீ.

மார்ச் 9

என் வீட்டுக்காரர் அழகுராஜாவுக்கும் பொறுமை போய்விட்டது. "ஏழு வருசமா ஊரே கேக்குது. ஒரு நம்பரப் போட்டுட்டு வந்து தொலையேன்."

"நீங்களே வந்து போடுங்க!" என்று கத்திவிட்டேன். சாப்பிடாமல் போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்வார்?

மார்ச் 31

24 என்றே எழுதிக்கொண்டு போனேன். இஞ்ஞாசி சார் கையெழுத்துப் போடவில்லை. "வீம்பு புடிச்சாப் பொழைக்க முடியாதும்மா" என்றார். ஐந்து மணிக்கு ஆபீசை மூடினார்கள். வண்டி ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

ஏப்ரல் 20

ரத்து. கடிதம் வந்துவிட்டது.

ஜூலை 8

எங்கள் வாழைநார்த் தட்டு பற்றி ஒரு ஆய்விதழில் கட்டுரை வந்திருக்கிறது. இஞ்ஞாசி சார் அனுப்பியிருக்கிறார், என்னைக் கேட்கவே இல்லை. வெயில்மழைக்குப் பின் 38 மெகாபாஸ்கல். எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் என்னுடையது.

அழகுராஜாவிடம் போனில் காட்டினேன். "பாத்தியா, உம் பேரு வந்துருச்சு!" என்று ஸ்வீட் வாங்கப் போயிருக்கிறார்.