கூட்டத்துக் கேத்திலுக்குப் போத்தல் தண்ணீர்

பார்க்கிங், லண்டன்,
10.11.2009

அன்பின் மகள் பெனிற்றாவுக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் இங்கே நானும் அம்மாவும் அண்ணன் வீட்டாரும், ஜெனிஷாவின் பற்கள் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். மெல்பேர்ணில் நீயும் மருமகனும் உடம்பிலும் மனதிலும் குறையில்லாமல் இருக்க மடுமாதாவிடம் தினமும் கேட்கிறோம், அம்மா சத்தமாகவும் நான் மனதுக்குள்ளும்.

முதலில் முக்கியமான செய்தி. நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூடிய எங்கள் ஒன்றியத்தின் செயற்குழு, இனிமேல் கூட்டங்களில் தேநீர் போடும் கேத்திலில் குழாய்த் தண்ணீர் ஊற்றப்படமாட்டாது, போத்தல் தண்ணீர் மட்டுமே ஊற்றப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தலைவர் அருள்நேசன் அங்கிள் முன்மொழிந்தார், அம்மா வழிமொழிந்தார், நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தூக்கினோம். கேத்திலைக் கழுவுவது எந்தத் தண்ணீரில் என்று தவமலர் ரீச்சர் ஒரு கேள்வி எழுப்பினார். அது பாரதூரமான கேள்வி என்பதால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நீ போன் எடுத்து ஜெனிஷாவின் பல் என்னவாயிற்று என்று கேட்டபோதெல்லாம் அம்மா, "கமிட்டி பாத்துக்கொண்டிருக்குது பிள்ளை" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஐந்து வயதுப் பிள்ளையின் பல் எப்படிக் கமிட்டிக்குப் போனது என்பதை ஒருவர் உனக்கு ஒழுங்காகச் சொல்லத்தான் வேண்டும். போனில் என் முறை வரும்போது உன் போன் காட்டில் காசு முடிந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். அண்ணன் கொட்வினுக்குப் பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட், அண்ணி லோஜினிக்கு முதியோர் இல்லத்தில் பகல் ஷிப்ட், ஆகவே பிள்ளை எங்களோடுதான், நாங்கள் போகும் இடமெல்லாம் அவளும் வருவாள் என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் நாங்கள் போன இடமெல்லாம் கூட்டமாகத்தான் இருந்தது. சித்திரையிலும் வைகாசியிலும் ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம், அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. யூன் மாதம் ஒன்றியக் கூட்டத்துக்குப் போனபோது எல்லாரும் வந்திருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. கதிரைகளை வட்டமாகப் போட்டு, தேநீர் ஊற்றி, குடித்து முடித்து, கோப்பைகளைக் கழுவியும் வைத்தாயிற்று. அப்போதுதான் அருள்நேசன் அங்கிள் எழுந்து, "சவுத்தாம்ரன் தண்ணியில புளோரைட் போடப்போகினமாம், அறிஞ்சனீங்களோ?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெற்குக் கரையிலிருக்கும் சவுத்தாம்ரனில் வீடும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

விஷயம் உண்மைதான். பெப்ரவரியிலேயே சுகாதார அதிகாரசபை அங்கே அந்த முடிவை எடுத்திருக்கிறது. அதற்கு முதல் ஊராரிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள், எழுதியவர்களில் கூடுதலானோர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள், அதன் பிறகு போடுவதென்று முடிவாகியிருக்கிறது. பிள்ளைகளின் பல்லுக்கு நல்லதென்று அதிகாரசபை சொல்கிறது, பெரும்பாலான பல் வைத்தியர்களும் சொல்கிறார்கள், பல் வைத்தியரான நீயும் சொல்கிறாய். அருள்நேசன் அங்கிளின் கேள்வி பல்லைப் பற்றியதல்ல. "நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாது. எங்களைக் கேளாமல் எங்கட வாய்க்குள்ள மருந்து ஊத்த இவை ஆர்?" என்று கேட்டார். தவமலர் ரீச்சர் ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர், விடுவாரோ. "குளோரின் போடேக்க உங்களைக் கேட்டவையோ அண்ணை? அதைத்தானே இவ்வளவு நேரமும் குடிச்சனீங்கள்?" என்றார். அங்கிள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துவிட்டு, குளோரினையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொன்னார். மகள், நீ இதை வாசித்துச் சிரிப்பாய். ஆனால், மேலே இருப்பவர்கள் உன் நன்மைக்குத்தான் செய்கிறோம் என்று சொல்லும்போது எங்கள் சனத்துக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. அது படிப்பில்லாமல் வருவதல்ல.

யூலைக் கூட்டத்தில் யோகராஜாவின் வாய் பரிசோதிக்கப்பட்டது. அவர் வவுனியாப் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர், அந்தத் தண்ணீரில் இயற்கையாகவே புளோரைட் கூட. பல் முழுக்கப் பழுப்புக் கறை, ஆனால் அறுபது வயதிலும் ஒரு சூத்தைப் பல் இல்லை. அங்கிள் அவரை வாய் திறக்கச் சொல்லி, "கறையைப் பாருங்கோ" என்று காட்டினார். ரீச்சர் அதே வாயைக் காட்டி, "ஒரு ஓட்டை காட்டுங்கோ பாப்பம்" என்றார். கிணற்றில் அளவு பார்க்க ஆளில்லை, இங்கே அளந்துதான் போடுவார்கள் என்று ரீச்சர் விளக்கினார். "அளக்கிறவர் நித்திரையாப் போனா?" என்று அங்கிள் கேட்டார். நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன், இரவு ஷிப்ட் செய்கிறவர்கள் எல்லாரும் தலையசைத்தார்கள். யோகராஜா நல்ல மனுசன். "ரெண்டு பகுதியும் பாத்து முடிஞ்சுதெண்டால் வாயை மூடட்டே? தேத்தண்ணி ஆறுது" என்று மட்டும் கேட்டார்.

அதே கிழமைதான் ஜெனிஷா கடைவாய் நோகுதென்று அழுததும் அம்மா அவளை ஸ்டேசனுக்குப் பக்கத்துப் பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும். டொக்டர் ஒரு குஜராத்திப் பிள்ளை, பொறுமையானவள். பழுது தொடங்கியிருக்கிறது, இரண்டொரு பல்லை அடைக்கலாம், மற்றப் பற்களுக்கு வார்னிஷ் பூசினால் தப்பலாம் என்று சொன்னாளாம். "வார்னிஷ் பூசுறதுக்கு இவள் என்ன அலுமாரியோ?" என்று அம்மா கேட்டு, அதில் என்ன இருக்கிறதென்றும் கேட்டு, புளோரைட் என்ற பதில் வந்ததும் பிள்ளையைக் கதிரையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். கமிட்டி ஆராய்ந்துகொண்டிருக்கும் பொருளைத் தான் முந்திப் பூசுவது ஒழுங்கில்லை என்பது அம்மாவின் நிலைப்பாடு. அன்றைக்கே நீ போன் எடுத்து, "அம்மா, யோசியாமல் பூச விடுங்கோ, அடைக்கிறதையும் அடையுங்கோ, இன்னும் ரெண்டு மூண்டு மாசம் விட்டால் கடைவாய்ப் பல்லு மிஞ்சாது" என்று சொன்னாய். உன் கருத்தை நானே அடுத்த கூட்டத்தில் வைத்தேன். "பல் விசயத்தில பல் வைத்தியரின்ர சொல்லை எப்பிடி எடுக்கிறது? அவைக்கு அதில சொந்த நலன் எல்லோ இருக்குது" என்றார் அங்கிள். "சொந்த நலன் எண்டால் பல்லைப் பழுதாக விடுங்கோ எண்டெல்லோ பெனிற்றா சொல்லவேணும்" என்றார் ரீச்சர். அரை மணித்தியாலம் விவாதித்து, உன் கருத்து மரியாதையுடன் செவிமடுக்கப்பட்டதென்று குறிப்பில் எழுதினார்கள். விஷயத்தை ஆழமாகப் பார்க்க ஓர் உபகுழுவும் அமைத்தார்கள். பிறகு வோல்சிங்கம் மாதா கோயில் யாத்திரை வந்தது, அதன் பிறகு பள்ளிக்கூட விடுமுறை, அதற்குள் உபகுழுவில் இருந்த மூவருக்கும் ஒரே நாளில் ஷிப்ட் இல்லாமல் இருப்பது நடக்கவில்லை. பிள்ளைக்கு நோகும்போது அம்மா கராம்பை நசித்து வைத்துவிடுவார்.

இடையில் ஒரு வெற்றியும் கிடைத்தது. எங்கள் தண்ணீரில் புளோரைட் சேர்ப்பதை உடனே நிறுத்தவேண்டும் என்று தண்ணீர்க் கம்பனிக்கு நாங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. லண்டனில் தாங்கள் அப்படி ஒன்றும் சேர்ப்பதில்லை, சேர்க்கும் திட்டமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அங்கிள் அதை மண்டபத்தில் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பாத்தியளே, எழுதின உடன நிப்பாட்டிப்போட்டினம்" என்றார். "அண்ணை, போடவே இல்லை எண்டெல்லோ எழுதியிருக்கினம்" என்றார் ரீச்சர். "பயந்தவை வேற எப்பிடி எழுதுவினம், ரீச்சர்?" என்றார் அங்கிள். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், ரீச்சரும் தட்டினார். இந்த வருடம் எங்கள் மண்டபத்திலிருந்து எத்தனையோ கடிதங்கள் போயின, பெரிய பெரிய இடங்களுக்கெல்லாம் போயின. பதில் வந்தது இந்த ஒன்றுக்குத்தான். பயந்து நிறுத்தியவர்கள் பயம் தெளிந்ததும் திரும்பத் தொடங்கக்கூடும் என்பதற்காகத்தான் இப்போது போத்தல் தண்ணீர்.

கூட்டங்களில் ஜெனிஷா ஒரு கரைச்சலும் தரமாட்டாள். எங்கள் சனம் வெறுந்தேநீருக்கு இனிப்பாகப் பனங்கட்டி கடித்துக் குடிப்பது உனக்குத் தெரியும், தலைவரின் மேசையில் எப்போதும் ஒரு தட்டு நிறைய இருக்கும். பேச்சு நீளும்போது பிள்ளை சிணுங்காமல் இருக்க ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். புளோரைட்டை ஆதரிப்பவர்களிடமும் வாங்குவாள், எதிர்ப்பவர்களிடமும் வாங்குவாள். "இவள் ஒருத்திதான் நடுநிலை" என்று அங்கிள் சொல்லிச் சிரிப்பார். அவளில் அவருக்கு உயிர்.

முடிவு வந்தது செப்ரம்பர் கடைசியில், அங்கிள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அவர் லண்டனுக்கு வருவதற்கு முன் சுவிஸில் பாசல் நகரத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். இங்கிலாந்து உப்புச் சொதியில் ஏறாதென்று அவருக்கு ஓர் எண்ணம், அதனால் அவருடைய தங்கை வரும்போதெல்லாம் சுவிஸ் உப்புப் பெட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவார். அன்று சொதிக்கு உப்புக் காணாதென்று ரீச்சர் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தார், எடுத்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அயடீனும் புளோரும் சேர்த்தது என்று அதில் ஜேர்மன் மொழியில் அச்சடித்திருந்தது. அதை வாசிக்க ஜேர்மன் தெரியத் தேவையில்லை, அங்கிளுக்கோ ஜேர்மனும் தெரியும். ரீச்சர் மெதுவாகத்தான் கேட்டார். "அண்ணை, இதைத்தானோ இவ்வளவு காலமும் சாப்பிட்டனீங்கள்?" அங்கிள் பெட்டியை வாங்கிப் பார்த்து, மேசையில் வைத்து, திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஓம். ஆனா இது நான் கடையில கேட்டு வாங்கினது. வேண்டாமெண்டால் பக்கத்தில இருக்கிற மற்றப் பெட்டியை எடுக்கலாம். குழாயில எனக்கு மற்றப் பெட்டி எங்க இருக்குது, சொல்லுங்கோ ரீச்சர்?" இந்த ஆறு மாதத்தில் இரண்டு பகுதியும் பேசியதில் எனக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்வி அது ஒன்றுதான். ரீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "கடையில எதை எடுக்கவேணுமெண்டு தெரியாத வீட்டுப் பிள்ளையளுக்கு ஆர் அண்ணை எடுத்துக் குடுக்கிறது?" என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் சொதிச் சட்டிக்குக் கை நீட்டினார்கள்.

அடுத்த கூட்டத்தில், கேளாமல் ஊற்றப்படும் புளோரைட் எதிர்க்கப்படும், கேட்டுப் பெறப்படும் புளோரைட் அவரவர் விருப்பம் என்று தீர்மானம் நிறைவேறியது. அதன்படி வார்னிஷுக்குத் தடை நீங்கிவிட்டதால் அம்மா மறுநாளே பல் டொக்டருக்குப் போன் எடுத்தார். அந்தப் பிள்ளை மிச்சமிருந்த நல்ல பற்களுக்கு அன்றே பூசிவிட்டாள். கடைவாய்ப் பற்களை விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று பெரியாஸ்பத்திரிக்கு எழுதினாள். வருகிற வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இன்னொரு தரம் பார்த்து, கழற்றத் தேவையில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடவும் கூடுமாம். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறார். கொட்வின் லீவு போட்டிருக்கிறான். அங்கிளும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று நிற்கிறார். வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்றும்படி, குளிர் தொடங்கிவிட்டது, ஹீற்றர் நன்றாக வேலை செய்கிறது, என் முழங்கால் பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, நாள் முழுக்கக் குனிந்து நின்று முதுகைக் கெடுக்காதே. நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா ஒரு பார்சல் கட்டுகிறார், அதில் பனங்கட்டியும் இருக்கிறது. உங்கள் சுங்கத்தில் பிடித்தால் பிடிக்கட்டும், அம்மாவுக்குச் சொல்லாதே. இன்னொன்றையும் மறக்காதே. அடுத்த முறை போன் எடுக்கும்போது, "நான் அப்பவே சொன்னனான்" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே மகள். அவர் அதை ஏற்கெனவே ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் கைபட்ட இடமெல்லாம் நோ தணிய, உன் வீட்டில் சமாதானம் தங்க, மடுமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் நினைவோடு இருக்கும்,
அப்பா,
ம. செபஸ்தியாம்பிள்ளை.

பி.கு. தபாலில் போட முன், வெள்ளிக்கிழமை எழுதுவது: நேற்றுக் காலை ஜெனிஷாவுக்கு மயக்கமருந்து கொடுத்து ஐந்து பற்களைக் கழற்றினார்கள். பிள்ளை கஞ்சி குடிக்கிறாள்.