கருவாடு தின்ற யானைப்பறவைகள்

2091 ஜூன் 3, காலை 7.10

வெப்பம் 29. காற்று மிதம். வேலி பத்திரம்.

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, எழுதுவது டாக்டர் லூர்தப்பன் பர்னாந்து. தூத்துக்குடியில் பிறந்து, இந்துமாக்கடலில் ஈ எச்சம் போலக் கிடக்கும் இத்தீவைத் தனியாக ஆளும் சக்கரவர்த்தி. குடிமக்கள்: பதினொரு யானைப்பறவைகள், கவர்னர் என்றோர் ஆடு. மடகாஸ்கரில் ஆயிரம் ஆண்டுக்கு முன் அழிந்த பறவையை முட்டையோட்டிலிருந்து மீட்டவன் நான். அது தலை தூக்கினால் மேகம் கிழியும். நடந்தால் கொழும்பில் டீ சிந்தும். நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? கோழியளவு கிவி! விரட்ட ஆளில்லாத தீவில் பறப்பானேன் என்று சிறகைச் சுருக்கி உடம்பை வளர்த்த வம்சம். ஆகாரம் தழையும் பழமும். கண் மங்கல், மூக்கும் காதும் அபாரம்.

ஜூன் 10, மாலை 5.30

கவர்னரைக் காணோம்.

மாதமொருமுறை அண்ணன் மகள் ஜெனோவா படகில் சாமான் கொண்டுவருவாள். ஹாரன் கேட்டதும் கருவாட்டுப் பையோடு படகுத்துறைக்கு ஓடுவேன். பறவைகளும் ஓடிவரும், ஆளுக்கொரு துண்டு வீசுவேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெறும் தழையா போடுவது? முதலில் துப்பின. பிறகு பையையே கொத்தின.

ஜூன் 11, காலை 6.40

கவர்னர் கிடைத்தது. கொம்பும் தோலும். பறவைகள் ஆட்டு வேலியை உதைத்தே சாய்த்திருக்கின்றன.

ஜூன் 15, மாலை 6.05

வானொலி:

"சித்தப்பா, காலைல வாரேன். கருவாடு ரெண்டு மூட்டை இருக்கு."

"வராத பிள்ள! பறவை ஆட்டத் தின்னுட்டு!"

"போன தடவ அது தும்முனதுல கப்பல் கவுந்துச்சுன்னீங்க. இப்ப ஆடாக்கும்? போங்க சித்தப்பா!"

பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். அவள் தொடர்பைத் துண்டித்தபின் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இத்தனை வருடம் கதை அளந்ததற்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் தண்டனை.

ஜூன் 16, காலை 6.15

பறவைகள் படகுத்துறையில் நிற்கின்றன. கடலைப் பார்த்து. சத்தமில்லாமல்.

"ஜெனோவா. உயரம் மூணு மீட்டர். மொத்தம் பதினொண்ணு. படகுத்துறையில நிக்கி. கறி திங்கிது."



"சித்தப்பா... மூணு மீட்டர்னா சொன்னீங்க? பனை மரம்னு சொல்லுங்க. ஏன் இப்படிப் பேசுதீக?"

"திரும்பிப் போயிரு, பிள்ள."

பதில் வருமுன் இணைப்பு அறுந்தது. திரும்பினாளா, வருகிறாளா, தெரியவில்லை.

காலை 7.20

படகுத்துறை காலி. எங்கே போயின?

காலை 7.45

ஹாரன்.

வந்தேவிட்டாள், பைத்தியக்காரி. அவளை இறங்கவிடக் கூடாது. கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டேன். கையிலிருப்பது அரிவாள் ஒன்றே. ஓடுமுன் இந்த வரி...

வானொலி உயிர் பெற்றது:

"சித்தப்பா, கேக்குதா? நேத்து சிரிச்சதுக்கு மன்னிச்சிருங்க. காலைல நீங்க சொன்னதுமே படகத் திருப்பிட்டேன். இப்பத் தீவே கண்ணுல தெரியல. ஆளுகளோட வாரேன். கதவத் திறக்காதீங்க, என்ன?"

மறுபடி ஹாரன். அவள் ஹாரனேதான், அதே இழுப்பு.

நான் கருவாட்டைக் காட்டி அவற்றைப் பழக்கினேன் என்று நினைத்திருந்தேன். ஹாரன் போலக் கத்தினால் பையோடு ஓடிவரும் பிராணி நான் என்று அவை படித்து வைத்திருக்கின்றன.

தாழ்ப்பாள் துரு, திரும்பப் போட வரவில்லை.

மறுபடி ஹாரன். இம்முறை வீட்டுக்குப் பின்னே, கிணற்றடியில்.

கிணற்றடிக்குப் படகு வராது.