லீலாவின் பல்லும் என் வேலையும்

1963 ஜூலை 8, திங்கள்

கொடைக்கானலில் விடாத மழை. விடுதிப் பிள்ளைகளின் துணி எதுவும் காயவில்லை. எட்டாம் வகுப்பு லீலாவுக்கு மதுரையில் பல்லுக்குக் கம்பி கட்டிக் கூட்டி வந்திருக்கிறார்கள். "விடுதியைப் பார்ப்பவள் நீதானே இசபெல்லா, இனி அவள் பல் உன் பொறுப்பு" என்றார் மதர். ஆண்டவர் என்னை எதற்காகப் படைத்தார் என்பது இன்று தெளிந்தது.

அவள் அப்பா குருநாதனுக்குப் பெரும்பாறையில் காப்பித் தோட்டம். பல் வரிசையாக இருந்தால்தான் நாளைக்கு நல்ல இடத்தில் கொடுக்க முடியுமாம். பிள்ளைக்கு வயது பதின்மூன்று. முன்யோசனைக்காரர்.

ஜூலை 9

வேப்பங்குச்சி கொடுத்துப் பார்த்தேன். நார் முழுக்கக் கம்பியில் மாட்டி, வாய் காக்கைக்கூடு ஆனது. இனி சின்ன பிரஷ்தான். சாய்த்துப் பிடித்து, கம்பிக்கு மேலே ஒருதரம், கீழே ஒருதரம், ஒவ்வொரு பல்லாக. பிறகு உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிப்பு. வெந்நீர் கேட்டதற்குச் சமையல்காரி குப்பம்மாள், "எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. பல்லு வெளக்க ஒரு அடுப்பா?" என்றாள். நியாயமான கேள்வி.

ஜூலை 28, ஞாயிறு

குருநாதன் வந்தார். மகளை வாயைத் திறக்கச் சொல்லி, மாடு பிடிக்க வந்தவர் மாதிரி பார்த்தார். திருப்தி. மூடச் சொன்னார். அம்மா வரவில்லையா என்று லீலா கேட்டாள். தம்பி கைக்குழந்தை, அம்மாவுக்கு மலைப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்று பதில்.

அம்மா ஒரு டப்பா கடலை மிட்டாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பல்லில் கம்பி கட்டியவளுக்குக் கடலை மிட்டாய்! பறிமுதல் செய்தேன். நல்ல மிட்டாய்.

ஆகஸ்ட் 19

லீலாவை மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம். பல்லில் வெள்ளைத் திட்டுகள். இப்படியே போனால் பல் சொத்தையாகிவிடும், கம்பியைக் கழற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நானா அந்தப் பல்லால் தின்கிறேன்?

திரும்பும்போது லீலா முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "கம்பியக் கழட்டணும்னா அம்மா வரணும்ல மிஸ்?"

மதர் கையெழுத்தே போதும் என்றேன். அந்தத் தெளிச்சி கொடைக்கானல் வரும்வரை திரும்பவில்லை.

ஆகஸ்ட் 20

இன்று நுரையைப் பார்க்காமல் பிரஷ்ஷைப் பார்த்தேன். அது கம்பியைத் தொடவே இல்லை. உதட்டில் தேய்த்து நுரை காட்டியிருக்கிறாள்! பக்கத்திலேயே நின்ற மகா கெட்டிக்காரி நான். ஏன் இப்படிச் செய்தாய் என்று அதட்டினேன். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பல்லு கெட்டுப்போனா அம்மா வருவாங்க."

இதற்கு என்ன கேலி எழுதுவது? ஒண்ணும் வரமாட்டேங்குது.

ஆகஸ்ட் 22

மதரிடம் சொன்னேன். ஜெபிப்போம் என்றார். பஸ்ஸும் இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு — பெரும்பாறை

திட்டுவதற்கென்றே வந்தேன். வழியெல்லாம் வாக்கியங்கள் தயார் செய்தேன், ஒன்றைவிட ஒன்று கூர்மையாக. லீலாவின் அம்மா சண்முகசுந்தரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குக் காப்பி கொடுத்தாள். "நான் வந்தா பிள்ளை அழும், படிப்புக் கெடும்னு அவுங்க அப்பா சொன்னாங்க, அதான் மனசக் கட்டிக்கிட்டேன்" என்றாள். பிறகு மெதுவாக, "என்னையக் கேட்டாளாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. காலையில் பஸ் எப்போது என்று கேட்டாள். உனக்குத்தான் ஒத்துக்காதே என்று குருநாதன் ஆரம்பித்தார்.

"வாந்தி வந்தா எடுத்துக்கிறேன்" என்றாள்.

என் வாக்கியங்கள் எல்லாம் வீண்.

ஆகஸ்ட் 26

சொன்னபடியே எடுத்தாள், வளைவுக்கு வளைவு. குழந்தை என் மடியில். அதுவும் தன் பங்கை என் சேலையில் எடுத்தது.

விடுதி வாசலில் லீலா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மா கையை விலக்கிப் பார்த்தாள். பிரஷ் எங்கே என்று கேட்டாள். அம்மாவுக்குக் கம்பிப் பல்லைத் தேய்க்கத் தெரியவில்லை. "சாய்ச்சுப் பிடிங்கம்மா. ஒவ்வொரு பல்லா" என்று லீலா சொல்லிக்கொடுத்தாள். அப்படியே என் குரல், எரிச்சல் உட்பட.

அம்மா பக்கத்து அட்டுவம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாரம் தங்குகிறாளாம்.

செப்டம்பர் 29

அம்மா இந்த மாதமும் வந்தாள். வெள்ளனே எழுந்து லீலா தானே தேய்த்திருக்கிறாள். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

மூன்று பேரும் மதுரை போனோம். குழந்தையைச் சேர்த்தால் நாலு. ஈறு ஆறிவிட்டது. டாக்டருக்கு ஆச்சரியம். என்னைக் காட்டி, "அம்மா நல்லாப் பாத்துக்கிறாங்க போல" என்றார்.

"அவங்க எங்க மிஸ். இவங்கதான் அம்மா" என்றாள் லீலா, கம்பி முழுக்கத் தெரிய.

உண்மைதானே. நான் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் படித்தேன். வேலை குறைந்தது, மதருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வரும்போது அவர்கள் மூவரும் ஒரே சீட்டில். லீலா அம்மா தோளில் தூங்கிவிட்டாள். எனக்கு ஒரு முழு சீட் கிடைத்தது. வசதியாகத்தான் இருந்தது.